தலைப்பாகையும் தலைமையும்

பதிக்கு வரும் ஓர் ஆண்மகன் என்ன செய்கிறான்? சட்டையைக் கழற்றுகிறான். தலையில் துணி கட்டுகிறான். நெற்றியில் திருநாமம் இட்டுக்கொள்கிறான். பிறகு பள்ளியறைக்கு நேராக நிற்கிறான். அங்கே விளக்கு எரிகிறது; அதற்குப் பின்னால் நிலைக்கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியில் தெரிவது வேறு யாருடைய முகமும் அல்ல, அவனுடைய முகமே.

ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்து அவன் வீடு திரும்புகிறான். திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து சிப்காட் வாசலுக்குப் போகிறான். அங்கே தலையில் வேறொன்று ஏறுகிறது. அதுதான் ஹெல்மெட். பல ஆலைகளில் ஹெல்மெட்டுக்கு நிறப் பிரிவு உண்டு. அதிகாரிக்கும் சூப்பர்வைசருக்கும் வெள்ளை. கூலி ஆளுக்கு மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தாலே யார் சொல்பவர், யார் கேட்பவர் என்று தெரிந்துவிடும்.

பதியில் கட்டும் தலைப்பாகைக்கு இந்தப் பிரிவு கிடையாது. பணிவிடைக்காரர் கட்டுவதும், பத்து வயதுப் பையன் கட்டுவதும், முதல் முறை வந்தவர் கட்டுவதும் ஒரே தலைப்பாகைதான். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. வெள்ளை ஹெல்மெட் போட்ட அன்பரின் தலையில், அதற்கு அடியில், ஞாயிற்றுக்கிழமை கட்டிய தலைப்பாகை இருக்கிறதா? அல்லது பதி வாசலிலேயே அவிழ்த்து வைத்துவிட்டு வந்தாரா?

பத்துப் பேரை நடத்தும் பொறுப்பு கிடைத்த ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முடி சூடக் கூடாத பெயர்

தலைப்பாகையின் அருமை தெரிய வேண்டுமானால், அது மறுக்கப்பட்ட காலத்தை அறிய வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று தென் திருவிதாங்கூர். உழைக்கும் சாதியினர் பலருக்கு அங்கே தலையில் துண்டு கட்ட அனுமதி இல்லை. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலைக்கு ஒரு வரி இருந்தது. அதற்கும் மேல் கூலியே இல்லாத வேலை இருந்தது. அதற்குப் பெயர் ஊழியம்.

1809ஆம் ஆண்டு, பின்னாளில் சாமிதோப்பு என்று உலகம் அறிந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையாக முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரையும் பொறுக்கவில்லை அன்றைய ஆதிக்கம். இந்தக் குலத்தில் பிறந்தவனுக்கு முடி சூடும் பெயரா என்று எதிர்ப்பு வந்தது. பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. தலையில் துணி கட்டத் தடை. பெயரில்கூட முடி இருக்கத் தடை.

கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம் 20ஆம் நாள், அதாவது 1833ஆம் ஆண்டு, திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக வெளிவந்தார். மக்களைத் திரட்டினார். எதைக் கொண்டு திரட்டினார்? வாள் கொடுக்கவில்லை. பணம் கொடுக்கவில்லை. தலையில் துணி கட்டு என்றார். நிமிர்ந்து நில் என்றார். எவனை மேலே தேடுகிறாயோ அவன் உனக்குள் இருக்கிறான் என்று கண்ணாடியைக் காட்டினார்.

பெண்கள் மேலாடை அணியும் உரிமையைத் திருவிதாங்கூர் அரசு 1859இல்தான் பிரகடனமாக அறிவித்தது. அய்யா 1833இலேயே தொடங்கிவிட்டார். நடுவில் 26 ஆண்டுகள். சட்டம் மாறுவதற்கு முன்னால் மனம் மாற வேண்டும் என்பதை அய்யா அறிந்திருந்தார். பல தலைமுறை குனிந்த முதுகு, சட்டம் வந்த மறுநாளே நிமிர்ந்துவிடாது. மனம் நிமிர்ந்தால்தான் முதுகு நிமிரும்.

பாதியில் நின்ற பாடம்

கண்ணாடி சொல்லும் பாடத்துக்கு இரண்டு பாதி உண்டு. நான் தாழ்ந்தவன் அல்ல என்பது முதல் பாதி. பக்கத்தில் நிற்பவனும் தாழ்ந்தவன் அல்ல என்பது இரண்டாம் பாதி. அதே கண்ணாடியில்தான் அவன் முகமும் தெரிகிறது. அதே விளக்கின் ஒளிதான் அவன் முகத்திலும் விழுகிறது.

முதல் பாதி எல்லாருக்கும் இனிக்கிறது. இரண்டாம் பாதி கசக்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எழுந்து போகிறவனுக்கு என்ன ஆகும்? குனிந்து கிடந்தவன் நிமிர்கிறான். நிமிர்ந்த கையோடு அடுத்தவனைக் குனிய வைக்கிறான். நாற்காலியில் உட்காருபவன் மட்டும் மாறுகிறான், நாற்காலி மாறவில்லை. கலி அழியவில்லை, வேறு ஆளின் உடம்பில் குடியேறிக்கொண்டது.

கலியைக் கொம்பும் கோரைப்பல்லும் உடைய அரக்கனாக மட்டும் எண்ணுகிறவர் ஏமாந்துபோவார். அந்த அரக்கனை வாசலில் பார்த்தால் யாரும் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் புது பிரமோஷனோடு சேர்ந்து வரும் ஆணவத்தை யாரும் தடுப்பதில்லை. அது சட்டைப் பையில் பேனாவைப் போலக் குத்திக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது.

குமரி, நெல்லை, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடி வட சென்னைக்கும் திருவள்ளூர் பக்கத்துக்கும் வந்த குடும்பங்கள் ஏராளம். மணலி புதுநகரில் அய்யா வைகுண்ட தர்மபதி எழுந்ததும், புரட்டாசித் திருவிழாவுக்கு அங்கே மக்கள் வெள்ளம் திரள்வதும் அந்த உழைப்பாளிகளின் பக்தியால்தான். ஹெல்பராக வந்தவர் ஆபரேட்டர் ஆனார், ஆபரேட்டர் சூப்பர்வைசர் ஆனார், சிலர் சொந்தமாகப் பட்டறை வைத்தார்கள், சிலர் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆனார்கள். எல்லாம் அய்யாவின் கிருபை.

அவர்கள் அன்று ஹெல்பராக நின்ற இடத்தில் இன்று நிற்பவன் யார்? ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து, அசாமிலிருந்து வந்த பையன். அவனுக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. அவன் அம்மாவும் மாதக் கடைசியில் பணம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு இங்கே பெயர் இல்லை. ஏய், டேய், இந்திக்காரா என்பதுதான் அவனுடைய பெயர். பெயரை மாற்றச் சொன்னவர்களின் கொடுமையை வருடா வருடம் கேட்டுக் கண்ணீர் விடும் அன்பர், தன் ஷிப்டில் ஒருவனைப் பெயரே இல்லாமல் ஆக்கலாமா?

துவைத்து எடுத்த மனம்

மனம் மாற வேண்டும் என்று சொல்வது எளிது. எப்படி மாறும்? உபதேசம் கேட்ட மாத்திரத்தில் மாறாது என்பதும் அய்யாவுக்குத் தெரியும். அதனால்தான் துவையல் தவசை ஏற்படுத்தினார்.

எழுநூறு குடும்பத்தார் அய்யாவின் சொல் கேட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். முதலில் வாகைப்பதி, பிறகு முட்டப்பதி. நாள்தோறும் மூன்று வேளை கடலில் குளியல், உடுத்திய துணியை மூன்று வேளையும் துவைத்தல், ஒரு வேளை மட்டும் உணவு, வழிபாடு. இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. கடுமையான நெறி. நோயும் வாட்டியது. ஆனாலும் தவசு நின்றுவிடவில்லை.

இதில் தலைமை ஏற்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, அவரவர் துணியை அவரவரே துவைத்தார். ஒருவன் அழுக்கை இன்னொருவன் தலையில் கட்டவில்லை. தன் தவறுக்கு அடுத்தவனைக் காட்டும் பழக்கம் அங்கே செல்லாது.

இரண்டு, ஒரு தடவை துவைத்தது போதும் என்று அய்யா விடவில்லை. காலையில் துவைத்த துணி மாலையில் மறுபடி அழுக்காகும். மனமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை துவைத்த மனம் செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிப்டில் கறுத்துப்போகும். அதனால் தினமும் துவைக்க வேண்டும்.

மூன்று, அந்தத் தவசில் நின்றவர்களே பிறகு துவையல் பண்டாரங்கள் என்று பெயர் பெற்று ஊர் ஊராக அய்யாவின் வழியைக் கொண்டு போனார்கள். அய்யா காலத்திலேயே அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, செட்டிகுடியிருப்பு, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழு ஊர்களில் நிழல் தாங்கல்கள் தோன்றின. நேற்று வரை கூலியில்லாத ஊழியம் செய்தவர்கள், இன்று ஓர் ஊரையே வழிநடத்தும் நிலைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பட்டம் கிடைக்கவில்லை, பதவி கிடைக்கவில்லை. மனம் மாறியது. மாறிய மனத்தைக் கண்டு மக்கள் பின்னால் வந்தார்கள். தலைமை பிறந்த விதம் அதுதான்.

அந்த இடங்களுக்கு அமைந்த பெயரையும் பாருங்கள். நிழல் தாங்கல். வெயிலில் வந்தவன் ஒதுங்கி இளைப்பாறும் இடம். தலைவன் என்பவனும் ஒரு நிழல் தாங்கலே. அவன் அருகில் வந்தால் குளிர வேண்டும், கொதிக்கக் கூடாது.

ஏற்க மறுத்த நிபந்தனை

அய்யாவைச் சுற்றிக் கூட்டம் கூடுவதைக் கண்டு திருவிதாங்கூர் அரசு கலங்கியது. சுவாதித் திருநாள் மன்னர் காலம் அது. அய்யாவைப் பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். கூடவே வந்த மக்கள் கொதித்தபோது, பொறுத்திருங்கள் என்று அய்யா தடுத்தார். பிறகு மன்னர் தரப்பு ஒரு வழி காட்டியது. உன் சாதிக்காரரோடு மட்டும் இருந்துகொள், மற்றவரைச் சேர்க்காதே, விட்டுவிடுகிறோம் என்பதே அந்த நிபந்தனை. அய்யா அதற்கு இசையவில்லை. பதினெட்டுச் சாதியையும் ஒன்றாகக் கூட்டுவதற்கு வந்தவர், ஒரு சாதிக்குள் அடங்கச் சம்மதிப்பாரா? கொல்லம் 1014, மாசி மாதத்தில், அதாவது 1839இல், அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படாமலே வெளியே வந்தார்.

இந்த வரலாற்றைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதே நிபந்தனை இன்றைக்கும் ஒவ்வொரு தலைவனிடமும் வேறு உருவத்தில் வருகிறது. மன்னர் நீட்டவில்லை; சொந்த மனமே நீட்டுகிறது. உன் ஊர்க்காரனை மட்டும் பார்த்துக்கொள், உன் சாதிக்காரனை மட்டும் தூக்கிவிடு, மற்றவன் எப்படிப் போனால் உனக்கென்ன என்று அது கேட்கிறது.

அந்த நிபந்தனைக்குச் சம்மதித்தால் என்ன நடக்கும்? ஓவர்டைம் யாருக்கு, பண்டிகை லீவு யாருக்கு, ஃபேன் காற்று படும் இடம் யாருக்கு என்று வரும்போது நம்ம ஊர்ப் பையனுக்கு. உலைக்கு முன்னால் வெந்துகொண்டு நிற்பது யார் என்று வரும்போது இந்திக்காரனுக்கு. இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கிவிட்டுக் கணக்கில் ஒரு மணி எழுதினால் அதற்குப் பெயர் என்ன? மிகைநேர வேலைக்கு இரண்டு மடங்கு கூலி என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. கூலி இல்லாமல் வாங்கும் வேலைக்குத் திருவிதாங்கூரில் ஊழியம் என்று பெயர். கும்மிடிப்பூண்டியில் வாங்கினாலும் அதற்கு ஊழியம் என்றே பெயர். அய்யா எதை எதிர்த்தாரோ, அதை அய்யாவின் பிள்ளையே செய்வதா?

ஈர இரும்பு

மனம் மாறுவதால் அடுத்தவனுக்குத்தானே நன்மை, வேலைக்கு என்ன லாபம் என்று கேட்கும் அன்பர் உண்டு. மென்மையாக இருந்தால் தலையில் ஏறிவிடுவார்கள், டார்கெட் முடியாது என்று சொல்பவரும் உண்டு. அவர்களுக்காக ஓர் உதாரணம்.

கும்மிடிப்பூண்டி பகுதியில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. அப்படி ஓர் ஆலையில் ஓர் அன்பர் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்வோம். உலைக்குள் இருப்பது சுமார் 1,600 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் இரும்புக் குழம்பு. மேலே நிற்கும் ஆட்கள் ஸ்கிராப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலையில் பெரிய எமன் ஈரம். மழையில் நனைந்த இரும்போ, உள்ளே தண்ணீர் தங்கிய குழாயோ, மூடி கழற்றாத பழைய சிலிண்டரோ குழம்புக்குள் போய்விட்டால் போதும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். குழம்புக்கு அடியில் அது நடந்தால் உலை வெடித்துச் சிதறும். மேலே நிற்பவன் உடம்பில் விழுவது நெருப்பு மழை.

மழைக்காலத்தில் ஓர் இரவு. ஸ்கிராப் குவியலில் ஒரு குழாய் ஈரமாக இருப்பதை ஒடிசாப் பையன் பார்த்துவிடுகிறான். கையை உயர்த்தி வேலையை நிறுத்துகிறான். சூப்பர்வைசர் ஓடி வருகிறார். குழாயைத் திருப்பிப் பார்க்கிறார். மேலே மட்டும்தான் ஈரம், உள்ளே காய்ந்திருக்கிறது. பத்து நிமிடம் போய்விட்டது. பத்துப் பேர் முன்னால் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். வேலை செய்ய வந்தாயா, வேடிக்கை பார்க்க வந்தாயா என்று கேட்கிறார். பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறான்.

மறுநாள் இரவு. மறுபடி ஒரு குழாய். இந்தத் தடவை உள்ளேயே தண்ணீர் இருக்கிறது. பையன் பார்த்துவிட்டான். கை பாதி உயர்கிறது. நேற்றைய திட்டு காதில் கேட்கிறது. உயர்ந்த கை இறங்கிவிடுகிறது.

அந்தக் கை இறங்கிய நொடியில் அந்த ஷிப்டில் தலைமை செத்துப்போனது. உலைக்குப் பக்கத்தில் நிற்பது பையன் மட்டுமல்ல. சூப்பர்வைசரும் அங்கேதான் நிற்கிறார். அவருக்கும் வீட்டில் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையும் காப்பாற்ற வேண்டிய கை அது. அந்தக் கையைக் கீழே இறக்கியவர் அவரேதான்.

பயப்படும் ஆள் வேலை செய்வான், உண்மை பேசமாட்டான். தலைவனுக்கு அதிகம் தேவைப்படுவது உண்மை. மேலே நிற்பவனுக்குத் தெரியாதது கீழே நிற்பவனுக்குத் தெரியும். ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பது அவன் விரல். மெஷின் சத்தம் மாறுவதைக் கேட்பது அவன் காது. அவன் வாயை அடைத்த தலைவன் தன் கண்ணையும் காதையும் அடைத்துக்கொண்டவன்.

உலகம் முழுதும் கார் செய்யும் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. அங்கே லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் பொறுப்பாளர் ஓடி வந்து என்ன குறை என்று கேட்க வேண்டும். தீராவிட்டால் லைன் நிற்கும். கடைசி ஆளின் கையில் அத்தனை பெரிய அதிகாரத்தைக் கொடுத்ததால் அந்த நிறுவனம் கெட்டுப்போகவில்லை. தரத்துக்குப் பெயர் வாங்கியது. வாகனம் செய்யும் தொழிலோடு தொடர்புள்ள அன்பர்கள் இந்த முறையைத் தங்கள் ஆலைகளிலேயே பார்த்திருப்பார்கள். ஆனால் கயிற்றைக் கட்டி வைத்தால் போதாது. இழுத்தவனைத் திட்டாத மனம் வேண்டும். அந்த மனம் இல்லாத இடத்தில் கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

மென்மை வேறு, தளர்ச்சி வேறு. துவையல் தவசில் தளர்ச்சி இருந்ததா? மூன்று வேளைக் குளியல், ஒரு வேளைச் சோறு. அதைவிடக் கடுமையான ஒழுங்கு எந்த ஆலையில் இருக்கிறது? ஆனால் அங்கே அவமானம் இல்லை. ஒழுங்கு ஆளை உயர்த்துகிறது. அவமானம் ஆளை ஒடுக்குகிறது. தாமதமாக வந்தவனுக்கு விதிப்படி என்ன உண்டோ அதைச் செய்யலாம். அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சொல்பவனுக்கும் சேர்த்து இருக்க வேண்டும். அவன் தாயையும் ஊரையும் இழுத்துப் பேசுவது எந்த விதியிலும் இல்லை.

மூன்று வேளைத் துவையல்

ஆலைக்குப் போகும் அன்பருக்குக் கடலில் இறங்க நேரம் இருக்காது. ஆனால் மனத்தை மூன்று வேளை துவைக்க முடியும்.

காலையில் நாமம் இடும்போது வீட்டுக் கண்ணாடியில் முகம் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில், இன்றைக்கு எத்தனை பேர் எனக்குக் கீழே என்று எண்ணாமல், எத்தனை பேர் என் பொறுப்பில் என்று எண்ணட்டும். சொல் ஒன்று மாறினால் பார்வை மாறுகிறது. கீழே இருப்பவனை மிதிக்கத் தோன்றும். பொறுப்பில் இருப்பவனைக் காக்கத் தோன்றும். விழுந்து கிடப்பவனைத் தூக்கி நிறுத்துவதே தர்மம் என்பதுதான் அய்யாவின் போதனைக்கே நடுத்தூண்.

நண்பகலில் சாப்பாட்டு மணி அடிக்கும்போது, முத்திரிக்கிணற்றை எண்ணட்டும். கிணற்றுக்குக் கிணறு சாதி பார்த்த காலத்தில், எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் குளிக்கவும் அய்யா வழி செய்தார். ஆலையில் சூப்பர்வைசருக்குக் குளிர்ந்த கேன் தண்ணீர், ஹெல்பருக்குச் சுடு தகரத்துக்கு அடியில் இருக்கும் டிரம் தண்ணீர் என்று இருந்தால், அந்த அன்பர் முத்திரிக்கிணற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு என்ன பயன்? உலைக்கு முன்னால் நின்றவனுக்குத்தான் முதலில் தாகம்.

இரவில் வேலை முடிந்து திரும்பும்போது, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்றைக்கு யாரிடம் வாய் தவறியது என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். தவறியிருந்தால் மறுநாள் அந்த ஆளிடம் போய்ச் சொல்லட்டும். பத்துப் பேர் முன்னால் திட்டியிருந்தால், அதே பத்துப் பேர் முன்னால் சொல்லட்டும். நாக்கு கூசும். துணி துவைக்கும்போதும் கை எரியத்தான் செய்யும்.

அந்த உருக்காலை அன்பரும் அப்படிச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்லவேளையாக அன்று இரவு அந்தக் குழாயை வேறொருவர் பார்த்து ஒதுக்கிவிட்டார். பிறகுதான் பையன் முன்பே பார்த்தும் பேசாமல் இருந்தான் என்பது தெரிகிறது. முதலில் கோபம் வருகிறது. பிறகு, இவன் ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். பதில் தெரிந்ததும் கால் நடுங்குகிறது. மறுநாள் ஷிப்ட் தொடங்கும்முன் எல்லாரையும் நிறுத்தி, பையனின் பெயரைக் கேட்கிறார். எட்டு மாதமாகக் கூட இருந்தவனின் பெயரை அன்றைக்குத்தான் கேட்கிறார். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்து, அன்று நீ நிறுத்தியது சரி, திட்டியது என் தப்பு, இனி சந்தேகம் வந்தால் நிறுத்து, பத்து நிமிடம் போனால் போகட்டும் என்கிறார். தமிழ் பாதி, இந்தி பாதி. பையனுக்கு முழுதும் புரிந்துவிடுகிறது. ஏனென்றால் தன் பெயர் அவனுக்குப் புரிந்தது.

வெள்ளை ஹெல்மெட்டுக்கு அடியில் தலைப்பாகை இருந்தது அன்றைக்குத்தான்.

பந்தியில் தெரியும் தலைமை

ஆலையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயம் ஆகாது. பதியிலும் தாங்கலிலும் தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், பணிவிடை செய்யும் தொண்டர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் இதே சோதனை உண்டு. நோட்டீசில் யார் பெயர் முதலில், வாகனப் பவனியில் யார் முன்னால், இனிமம் வாங்குவதில் யாருக்கு முதல் கை என்று மனத்தாங்கல் வருகிறது. சமபந்தி கண்ட வழியில் வந்தவர்களுக்கு இது தகுமா?

திருவிழா நாளில் அன்னதர்மம் நடக்கும்போது, பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் வட மாநிலத்துப் பையன்களும் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களை, பிறகு வா என்று கை காட்டி ஓரம் தள்ளுபவரும் உண்டு. வா தம்பி என்று இலை போட்டு உட்கார வைப்பவரும் உண்டு. அந்தக் கூட்டத்தில் தலைவன் யார் என்று தெரிய நோட்டீசைப் பார்க்க வேண்டாம். யார் உட்கார வைத்தாரோ, யார் எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் சாப்பிட்டாரோ, அவரே தலைவர். அய்யாவின் கணக்கில் அவர் பெயர்தான் முதலில் இருக்கும்.

பந்தியில் இலை போட்ட அதே கை, மறுநாள் ஆலையில் அந்தப் பையனின் தோளைத் தட்டிக்கொடுக்கட்டும். பதியில் ஒரு மனம், ஆலையில் ஒரு மனம் என்று இரண்டு மனம் வைத்திருப்பவன் இரண்டு இடத்திலும் தலைவன் அல்ல. தர்மயுகம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். ஒருவன் தனக்குக் கிடைத்த அதிகாரத்தை அடுத்தவனைக் காக்கப் பயன்படுத்தும் இடத்தில், அவன் நிற்கும் அந்த நாலடி மண்ணில், அது இன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

அன்புக்கொடி மக்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு வரும்முன், பொறுப்பில் உள்ளவர்களில் பெயர் தெரியாத ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். அவர் ஊர் எது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். பிறகு தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நில்லுங்கள். முகத்தில் நாமம் பளிச்சென்று தெரியும்.

முடி சூடும் பெயரைப் பறிகொடுத்த அய்யா, எல்லார் தலையிலும் முடி கட்டி வைத்தார். அதைக் கட்டிய தலை இன்னொரு தலையைக் குனிய வைக்காதிருக்க அய்யா துணை இருக்கட்டும்.

அய்யா உண்டு.